அன்புக்குரியவர் நினைவாக ஓர் அறநிதி: பத்து ஆண்டு கழித்தும் நிற்கும்படி அமைக்க முழுமையான வழிகாட்டி

நெருங்கிய ஒருவர் போன பிறகு, "அவர் பெயரில் ஏதாவது செய்ய வேண்டும்" என்று வீட்டில் யாராவது ஒருவர் சொல்லாமல் இருப்பதில்லை. நண்பர்கள் தாங்களாகவே பணம் தர முன்வருகிறார்கள். கூட வேலை பார்த்தவர்கள், "எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்கிறார்கள். அந்த வேகம் உண்மையானது, நல்லது. ஆனால் அது முதல் ஆண்டின் வேகம். நினைவு நிதிக்குச் சோதனை வருவது அதற்கு அப்புறம்தான். கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர் வேறு ஊருக்குப் போய்விடுவார். வங்கிக் கையெழுத்துக்கு ஆள் கிடைக்காது. உதவி பெற்றுப் படிக்கும் மாணவருக்கு அடுத்த தவணை கட்ட வேண்டிய மாதத்தில் கணக்கில் பணம் இருக்காது.

அதனால் கீழே சொல்லும் ஒவ்வொரு படியிலும் நான் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறேன்: துக்கத்தின் சூடு தணிந்து, எல்லாரும் அவரவர் வேலையில் மூழ்கிவிட்ட பத்தாவது ஆண்டிலும் இந்த ஏற்பாடு தானாக நடக்குமா? நடக்கும் என்றால் நல்ல ஏற்பாடு. யாராவது ஒருவர் உயிரைக் கொடுத்து இழுத்தால்தான் நகரும் என்றால், எவ்வளவு அழகான திட்டமானாலும் மாற்றி யோசிப்பது நல்லது.

முதல் சில வாரங்கள்: வரும் பணத்தைப் பத்திரப்படுத்தினால் போதும்

இறப்புக்குப் பிறகான முதல் வாரங்களில் எந்தப் பெரிய முடிவும் எடுக்க வேண்டாம். நிதியின் பெயர், நோக்கம், அமைப்பு எல்லாம் ஆறு மாதமோ ஓர் ஆண்டோ காத்திருக்கலாம். முதல் நினைவு நாளில் அறிவித்தாலும் எதுவும் கெட்டுவிடாது.

ஆனால் பணம் காத்திருக்காது. கொடுக்க நினைப்பவர்கள் இப்போதே கேட்பார்கள். அவர்களுக்குச் சொல்ல இரண்டு நல்ல பதில்கள் உண்டு. முதலாவது, ஏற்கெனவே நன்றாக நடக்கும் ஒரு தொண்டு நிறுவனத்தின் பெயரைச் சொல்லி, "அவர் நினைவாக நேரே அங்கே கொடுத்துவிடுங்கள்" என்பது. உங்களுக்கு ஒரு வேலையும் மிச்சமிருக்காது. கொடுத்தவருக்கு முறையான ரசீதும் கிடைத்துவிடும். இரண்டாவது, பின்னால் நிதி தொடங்குவது உறுதி என்றால், அதற்கென்றே தனிக் கணக்கு ஒன்றைத் திறந்து அதில் வாங்கி வைப்பது. இருவர் கையெழுத்திட்டால்தான் பணம் எடுக்க முடியும் என்று இருக்கட்டும்.

யாருடைய சொந்த வங்கிக் கணக்கிலும் நன்கொடையை வாங்காதீர்கள். எவ்வளவு நம்பிக்கையானவராக இருந்தாலும் சரி. வீட்டுச் செலவோடு நன்கொடை கலந்துவிட்டால், ஆறு மாதம் கழித்து எது எதுவென்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. அந்த வருமானத்துக்கு அவரே வரி கட்ட வேண்டிய நிலையும் வரலாம். கணக்கு வைத்திருப்பவருக்கே ஏதாவது ஆகிவிட்டால் பணம் அவருடைய வாரிசுகளின் சொத்தாகிவிடும் சிக்கலும் இருக்கிறது.

இணையத்தில் நிதி திரட்டும் தளம் வழியாக வாங்குவதானால், தொடங்கும் முன் மூன்று விஷயங்களைப் பாருங்கள்: தளம் எவ்வளவு கட்டணம் பிடிக்கிறது, பணத்தை யார் எடுக்க முடியும், நினைத்த தொகை சேராவிட்டால் என்ன ஆகும். வேண்டுகோளிலேயே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: "நிதி அமையாவிட்டால் இந்தத் தொகை முழுவதும் இன்ன நிறுவனத்துக்குப் போகும்." பின்னாளில் வரும் மனத்தாங்கல்களை இந்த ஒரு வரி தடுக்கும். யார், எந்தத் தேதியில், எவ்வளவு கொடுத்தார்கள் என்று முதல் நாளிலிருந்தே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

எதற்காக என்பதை அவர் வாழ்க்கையிலிருந்தே எடுங்கள்

இதுதான் இந்த வேலையின் உயிர். ஆகவே இங்கே அவசரப்பட வேண்டாம்.

இறந்தவர் ஒரு நோயில் போயிருந்தால், எல்லாருக்கும் முதலில் தோன்றுவது அந்த நோய்க்கான நிதிதான். சில சமயம் அது மிகச் சரியான தேர்வு. 1982 ஜூலையில் லண்டனில் டெரி ஹிக்கின்ஸ் எய்ட்ஸ் நோயால் இறந்தபோது அந்த நோய்க்குப் பெயர்கூடச் சரியாக நிலைபெறவில்லை. நோயாளிகளுக்குத் தகவல் சொல்ல ஆளில்லை. அவருடைய துணைவரும் நண்பர்களும் அவர் பெயரில் தொடங்கிய சிறு அறக்கட்டளை, பிரிட்டனில் எச்ஐவி தொடர்பான முக்கியமான தொண்டு நிறுவனங்களில் ஒன்றாக வளர்ந்தது. அவர்களிடம் பெரும்பணம் எதுவும் இல்லை. யாரும் செய்யாத, உடனே செய்தாக வேண்டிய வேலை ஒன்று கண்முன் இருந்தது.

ஆனால் ஒருவரின் கடைசி ஆறு மாதம் அவருடைய வாழ்க்கை முழுவதும் அல்ல. 1912இல் டைட்டானிக் கப்பலோடு மூழ்கிய ஹாரி வைடனருக்கு வயது 27. பழைய, அரிய புத்தகங்களைத் தேடித் தேடிச் சேர்த்தவர். அவருடைய தாய் எலினார், மகன் படித்த ஹார்வர்ட் பல்கலைக்கழகத்துக்கு அவர் பெயரில் ஒரு நூலகம் கட்டிக் கொடுத்தார். 1915இல் திறந்த அந்த நூலகத்தில் மகன் சேர்த்த புத்தகங்களும் இருக்கின்றன. மகன் எப்படி இறந்தான் என்பதை விட்டுவிட்டு, எதை நேசித்தான் என்பதை அந்தத் தாய் எடுத்துக்கொண்டார். அவ்வளவு செல்வம் நம்மிடம் இருக்காது. அந்தப் பார்வை யாருக்கும் கைகூடும்.

குடும்பத்தினரும் நண்பர்களும் ஒரு நாள் உட்கார்ந்து இவற்றைப் பேசிப் பாருங்கள். அவர் தன் நேரத்தை எதில் செலவழித்தார்? யாருக்கும் சொல்லாமல் யாருக்கெல்லாம் உதவினார்? எதைப் பார்த்தால் அவருக்குக் கோபம் வரும்? அவர் இளம் வயதில் எந்த உதவி கிடைக்காமல் தவித்தார்? அல்லது எந்த உதவி கிடைத்ததால் முன்னேறினார்? கடைசி இரண்டு கேள்விகளுக்கான பதில்களைக் கவனமாகக் கேளுங்கள். நல்ல நோக்கம் அங்கேதான் பெரும்பாலும் அகப்படும்.

அப்புறம் அந்தத் துறையில் வேலை செய்யும் இரண்டு மூன்று பேரைப் போய்ப் பாருங்கள். ஆசிரியர், செவிலியர், நூலகர், சமூகப் பணியாளர், யாராக இருந்தாலும் சரி. "உங்களிடம் வருகிறவர்களுக்கு எந்தச் சின்னச் செலவு பெரிய தடையாக நிற்கிறது?" என்று கேளுங்கள். தேர்வுக் கட்டணம், விடுதி முன்பணம், மூக்குக் கண்ணாடி, காது கேட்கும் கருவிக்கு பேட்டரி, சிகிச்சைக்கு வந்துபோகும் பயணச் செலவு, நோயாளியோடு வந்தவர் தங்க ஓரிடம் என்று பதில்கள் வரும். பெரிய திட்டங்களும் அரசு உதவிகளும் கண்டுகொள்ளாமல் விட்ட இடைவெளிகள் இவை. சிறிய நிதி பெரிய நன்மை செய்யக்கூடிய இடமும் இதுவே என்பது என் உறுதியான கருத்து.

கடைசியில் எல்லாவற்றையும் ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். "ஏழை மாணவர்களுக்கு உதவுவது" என்று எழுதினால் போதாது. எந்த மாணவர், என்ன உதவி, எத்தனை பேர் என்று எதுவும் அதில் இல்லை. "செவிலியர் படிப்பில் சேரும், குடும்பத்தில் முதல் பட்டதாரியாகப் போகிற மாணவர்கள் இருவருக்கு ஆண்டுதோறும் தேர்வுக் கட்டணமும் புத்தகச் செலவும்" என்று எழுதினால், முன்பின் தெரியாத ஒருவர் பத்து ஆண்டு கழித்து வந்தாலும் நிதியை நடத்திவிடுவார்.

எவ்வளவு பணம், எத்தனை ஆண்டு

நினைவு நிதி என்றாலே என்றென்றைக்கும் நிற்க வேண்டும் என்று ஓர் எண்ணம் நமக்குள் இருக்கிறது. அதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

பத்து லட்சம் சேர்ந்திருக்கிறது என்று வையுங்கள். முதலீட்டில் ஆண்டுக்கு 8 சதவீதம் கிடைக்கிறது, விலைவாசி 5 சதவீதம் ஏறுகிறது. மூலநிதியின் மதிப்பு குறையாமல் என்றென்றைக்கும் நிற்க வேண்டுமானால், இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் செலவழிக்க முடியும். அதாவது 3 சதவீதம், ஆண்டுக்கு 30,000. கிடைக்கிற வட்டி முழுவதையும் செலவழித்தால் என்ன ஆகும்? கணக்கில் எப்போதும் பத்து லட்சம் என்றே காட்டும், ஆனால் அந்தப் பணம் வாங்கும் பொருள் குறைந்துகொண்டே போகும். 72ஐ விலைவாசி உயர்வு சதவீதத்தால் வகுத்தால், பணத்தின் மதிப்பு பாதியாக எத்தனை ஆண்டு ஆகும் என்பது ஏறத்தாழத் தெரிந்துவிடும். 6 சதவீத விலைவாசி உயர்வில் 12 ஆண்டு.

அதே பத்து லட்சத்தை, அதே 8 சதவீத வருமானத்தோடு, பத்து ஆண்டுகளில் முழுவதும் கொடுத்து முடிப்பது என்று முடிவு செய்தால், ஒவ்வோர் ஆண்டு இறுதியிலும் சுமார் 1,49,000 கொடுக்கலாம். 30,000 எங்கே, 1,49,000 எங்கே!

கொடுத்து முடிப்பது குறைவான அன்பு அல்ல. அமெரிக்கத் தொழிலதிபர் ஜூலியஸ் ரோசன்வால்ட் 1917இல் தொடங்கிய நிதி, தன் இறப்புக்குப் பின் 25 ஆண்டுகளுக்குள் முழுவதும் செலவாகிவிட வேண்டும் என்று விதித்திருந்தார். அவர் 1932இல் இறந்தார். நிதி 1948லேயே வேலையை முடித்து மூடப்பட்டது. அமெரிக்கத் தென்மாநிலங்களில் கறுப்பினக் குழந்தைகளுக்காக அவருடைய உதவியால் எழுந்த சுமார் 5,000 பள்ளிகளால்தான் அந்தப் பெயர் இன்றும் பேசப்படுகிறது.

மூன்றாவது ஒரு வகையும் உண்டு. மூலநிதியே இல்லாமல், உறவினரும் நண்பர்களும் மாதாமாதமோ ஆண்டுக்கு ஒரு முறையோ போடும் பணத்தை அந்தந்த ஆண்டே கொடுத்துவிடுவது. பெரிய தொகை கையில் இல்லாத குடும்பங்களுக்கு இது அருமையான வழி. ஆனால் ஒரே ஓர் எச்சரிக்கை: இந்த வகையில் பல ஆண்டு நீளும் வாக்குறுதி எதையும் கொடுக்காதீர்கள். அந்த ஆண்டு சேர்ந்தது அந்த ஆண்டுக்கு என்று இருக்கட்டும்.

என் பரிந்துரை இது: செலவுகள் போக மூலநிதியின் 3 சதவீதத்தில் ஒருவருக்காவது உருப்படியான உதவி செய்ய முடிந்தால் நிரந்தர நிதி வையுங்கள். முடியாவிட்டால் பத்து அல்லது பதினைந்து ஆண்டு நிதியாக அறிவித்து, முழு பலத்தோடு கொடுங்கள்.

எந்த அமைப்பு: மூன்று வழிகள்

முதல் வழி, ஏற்கெனவே உள்ள ஒரு நிறுவனத்திடம் பணத்தை ஒப்படைத்து, அதற்குள் அவர் பெயரில் ஒரு நிதி வைப்பது. அவர் படித்த பள்ளி, கல்லூரி, பல்கலைக்கழகம், சிகிச்சை பெற்ற மருத்துவமனை, வழக்கமாகப் போன நூலகம் எதுவாகவும் இருக்கலாம். முதலீடு, கணக்கு, தணிக்கை, வரி எல்லாவற்றையும் நிறுவனமே பார்த்துக்கொள்ளும். உங்கள் வேலை, தொடக்கத்தில் நல்ல ஒப்பந்தம் ஒன்று எழுதிக்கொள்வது. குறைந்தபட்சத் தொகை எவ்வளவு, நிர்வாகச் செலவுக்கு எத்தனை சதவீதம் எடுக்கிறார்கள், உதவி பெறுபவரை யார் தேர்ந்தெடுப்பார்கள், ஆண்டுதோறும் உங்களுக்கு அறிக்கை வருமா, பிறகு வருகிறவர்கள் கூடுதலாகப் பணம் சேர்க்கலாமா என்று கேளுங்கள். யாரும் கேட்க மறக்கும் கேள்வி ஒன்று உண்டு: அந்தப் படிப்போ பிரிவோ மூடப்பட்டால் இந்தப் பணம் எங்கே போகும்? பதிலை வாய்மொழியாக வாங்காமல் எழுத்தில் வாங்குங்கள். இன்று அன்பாகப் பேசும் முதல்வர் நாளை ஓய்வு பெற்றுவிடுவார். அவருக்குப் பின் வருபவர் கையில் இருக்கப்போவது அந்தத் தாள் மட்டும்தான்.

இரண்டாவது வழி, பல குடும்பங்களின் நிதிகளை ஒரே குடையின் கீழ் நடத்தும் சமூக அறக்கட்டளையிடம் கொடுப்பது. 1914இல் அமெரிக்காவின் கிளீவ்லாண்டில் ஃப்ரெடெரிக் காஃப் என்ற வங்கியாளர் தொடங்கிய அமைப்புதான் இந்த வகையில் முதலாவது. இறந்துபோனவர்களின் பழைய நிபந்தனைகளில் சிக்கிப் பணம் பயனற்றுக் கிடப்பதைப் பார்த்துத்தான் அவர் இதை யோசித்தார். இன்று பல நாடுகளில் இப்படிப்பட்ட அமைப்புகள் இருக்கின்றன. நிதிக்கு நீங்கள் பெயர் வைக்கலாம், யாருக்குக் கொடுக்கலாம் என்று ஆலோசனை சொல்லலாம். கடைசி முடிவு மட்டும் சட்டப்படி அவர்களுடையது. ஒரு முறை கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்க முடியாது. இதை மனதார ஏற்றுக்கொள்ள முடிந்தால் இதில் தொல்லை மிகக் குறைவு.

மூன்றாவது வழி, சொந்தமாக அறக்கட்டளையோ சங்கமோ லாபநோக்கற்ற நிறுவனமோ பதிவு செய்வது. முழு சுதந்திரம் கிடைக்கும். கூடவே பதிவு, ஆண்டுக் கணக்கு, தணிக்கை, வரித் தாக்கல், கூட்டக் குறிப்பு, அறங்காவலர் மாற்றம் என்று ஆண்டுதோறும் தவறாமல் செய்ய வேண்டிய வேலைகளும் வரும். ஆண்டுக்கு 30,000 கொடுக்கப்போகும் நிதிக்கு, தணிக்கைக்கும் தாக்கலுக்குமே 15,000 செலவாகும் என்றால் அந்த அமைப்பு தேவையா?

பெரும்பாலான குடும்பங்களுக்கு முதல் வழியோ இரண்டாவது வழியோதான் பொருந்தும் என்று நினைக்கிறேன். நீங்கள் செய்ய நினைக்கும் வேலையை வேறு எந்த நிறுவனமும் செய்யவில்லை, அதைப் பத்து ஆண்டு தூக்கிச் சுமக்க மூன்று பேராவது இருக்கிறார்கள் என்றால் மட்டும் மூன்றாவதற்குப் போங்கள். முதலில் ஒரு நிறுவனத்துக்குள் நிதியாகத் தொடங்கி, நான்கைந்து ஆண்டு நடத்திப் பார்த்து, பிறகு புதிதாகச் சேரும் பணத்தைக் கொண்டு சொந்த அறக்கட்டளை தொடங்குவதற்கும் தடையில்லை.

பத்திரத்தில் என்ன எழுதுவது

சொந்த அறக்கட்டளை என்றால் அறக்கட்டளைப் பத்திரம், நிறுவனத்துக்குள் நிதி என்றால் நன்கொடை ஒப்பந்தம். இரண்டிலும் கவனிக்க வேண்டியவை ஏறக்குறைய ஒன்றுதான்.

நோக்கத்தைக் குறுக்கி எழுதும் ஆசை எல்லாருக்கும் வரும். அதன் விளைவுக்குச் சட்ட மாணவர்கள் படிக்கும் ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகர மேயராக இருந்த பிரையன் முல்லன்ஃபி 1851இல் இறந்தபோது தன் சொத்தில் மூன்றில் ஒரு பங்கை, மேற்கே குடியேறுவதற்காக அந்த நகரம் வழியாகப் போகும் ஏழைப் பயணிகளின் உதவிக்காக எழுதி வைத்தார். அப்போது அது பெரிய தேவை. ரயில் வந்தது, குடியேற்ற அலை ஓய்ந்தது. பணம் இருந்தது, பயணிகள் இல்லை. கடைசியில் நீதிமன்றம் போய்த்தான் நோக்கத்தை விரித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

ஆகவே நோக்கத்தை இரண்டு அடுக்காக எழுதுங்கள். முதலில் குறிப்பான நோக்கம். அடுத்து, "இது நடைமுறைக்கு ஒவ்வாமலோ தேவையற்றோ போனால், அறங்காவலர்கள் இதற்கு மிக நெருங்கிய வேறொரு கல்விப் பணிக்கு இந்த நிதியைப் பயன்படுத்தலாம்" என்பது போல ஒரு விரிந்த நோக்கம். எதை யார், எத்தனை பேர் சம்மதத்தோடு மாற்றலாம் என்பதும் எழுத்தில் இருக்கட்டும்.

இன்னொன்றும் தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும். அறநிதி என்பது பொதுநலனுக்கானது. ஆங்கிலச் சட்ட மரபில் வளர்ந்த நாடுகளில் 1891இல் வந்த பெம்சல் வழக்கின் தீர்ப்பு, அறப்பணிகளை வறுமை ஒழிப்பு, கல்வி, சமயம், சமூகத்துக்குப் பயன்படும் பிற பணிகள் என்று நான்காகப் பிரித்தது. இன்றைய சட்டங்கள் பலவற்றின் அடியில் இந்தப் பிரிவு இருக்கிறது. அவருடைய பேரப்பிள்ளைகளின் படிப்புக்காக நிதி வைத்தால் அது குடும்பச் சொத்து ஏற்பாடுதான், அறநிதி ஆகாது. வரிச்சலுகையும் கிடைக்காது. அறங்காவலரின் உறவினர்கள் உதவி பெற முடியாது என்று பத்திரத்திலேயே எழுதிவிடுவது பின்னாளில் பல சங்கடங்களைத் தவிர்க்கும். கேட்டு வருகிற உறவினரிடம், "விதி அப்படி" என்று சொல்லிவிடலாம்.

இவற்றோடு, நிதியின் முழுப் பெயர், அறங்காவலர் எண்ணிக்கையும் பதவிக் காலமும், எத்தனை பேர் கூடினால் கூட்டம் செல்லும், பணத்தை எதில் முதலீடு செய்யலாம், எதில் கூடாது, தணிக்கை யார் செய்வார், நிதி கலைந்தால் மிச்சம் எந்த வகை நிறுவனத்துக்குப் போகும் என்பனவும் வர வேண்டும். இணையத்தில் கிடைக்கும் மாதிரிப் பத்திரத்தை வைத்து வரைவு எழுதிப் பார்ப்பதில் தவறில்லை. கையெழுத்துப் போடும் முன் அறக்கட்டளைச் சட்டம் தெரிந்த வழக்கறிஞர் ஒருவர் கட்டாயம் படித்துப் பார்க்கட்டும்.

குடும்பத்தோடு முன்கூட்டியே பேசுங்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆல்ஃபிரட் நோபல் 1895 நவம்பரில் உயில் எழுதினார், 1896 டிசம்பரில் இறந்தார். முதல் பரிசுகள் 1901இல்தான் வந்தன. பரிசு கொடுக்க வேண்டிய அமைப்புகளிடம் அவர் முன்பே ஒப்புதல் வாங்கியிருக்கவில்லை, உறவினர்கள் சிலர் உயிலை எதிர்த்தார்கள். சரிசெய்ய அத்தனை ஆண்டு பிடித்தது. இறந்தவரின் துணைவர், பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர் எல்லாருக்கும் அந்தப் பெயர் மீது உரிமை உண்டு. பெயரை எப்படி எழுதுவது, படம் போடுவதா, இறப்பின் காரணத்தை வெளியில் சொல்வதா என்பதில் அவர்கள் ஒரு மனதாக இருக்க வேண்டும்.

அறங்காவலர்கள்

மூன்று பேர் அல்லது ஐந்து பேர் போதும். ஒற்றைப்படையாக இருந்தால் வாக்கெடுப்பில் முட்டுக்கட்டை வராது. எல்லாரும் குடும்பத்தினராக இருக்க வேண்டாம். கணக்கு தெரிந்த ஒருவர், நிதி உதவப்போகும் துறையில் வேலை செய்யும் ஒருவர், மற்றவர்களைவிட இருபது வயதாவது குறைந்த ஒருவர் என்று பாருங்கள். வயது குறைந்தவரைச் சேர்ப்பது அலங்காரத்துக்கு அல்ல. ஒரே தலைமுறையைச் சேர்ந்த ஐவர் தொடங்கும் நிதி, அந்த ஐவரும் ஒரே காலத்தில் தளரும்போது நின்றுபோகும். பதவிக் காலம் மூன்று அல்லது ஐந்து ஆண்டு என்று வைத்து, எல்லாருடைய காலமும் ஒரே ஆண்டில் முடியாதபடி மாற்றி மாற்றி அமையுங்கள்.

பதிவு, வரி, வங்கி

இதன் விவரங்கள் நாட்டுக்கு நாடு வேறுபடும், வரிசை மட்டும் பெரும்பாலும் ஒன்றுதான். பத்திரம், பதிவு, வரி எண், வங்கிக் கணக்கு, வரிவிலக்கு ஒப்புதல், அதன் பிறகு பொதுமக்களிடம் நன்கொடை. வரிவிலக்கு ஒப்புதல் கைக்கு வராமல், "உங்களுக்கு வரிச்சலுகை கிடைக்கும்" என்று யாரிடமும் சொல்லாதீர்கள். விண்ணப்பம் போட்டதும் ஒப்புதல் வந்ததும் ஒன்றல்ல. வெளிநாட்டிலிருந்து பணம் வாங்கத் தனி அனுமதி தேவைப்படும் நாடுகள் பல. வெளிநாட்டு உறவினர் அனுப்பிய ஒரு சிறு தொகைகூடச் சட்டச் சிக்கலாகலாம் என்பதால், அனுப்பச் சொல்லும் முன் ஆடிட்டரிடம் கேட்டுவிடுங்கள்.

முதலீட்டில் பாதுகாப்பே முதல் விதி. அறங்காவலரின் தொழிலுக்கோ உறவினரின் தொழிலுக்கோ இந்தப் பணத்தைக் கடனாகக் கொடுக்கக் கூடாது, எவ்வளவு வட்டி தருவதாகச் சொன்னாலும்.

யாருக்கு, எப்படிக் கொடுப்பது

ஒரு பக்க விண்ணப்பம் போதும். அதற்கு மேல் கேட்டால், எழுதத் தெரிந்தவர்களும் எழுதிக் கொடுக்க ஆள் வைத்திருப்பவர்களும் மட்டுமே வருவார்கள். யாருக்கு உதவ நினைத்தீர்களோ அவர்கள் வரமாட்டார்கள். தகுதிகளை முன்கூட்டியே வெளிப்படையாகச் சொல்லுங்கள். தேர்ந்தெடுப்பவர்கள் முதல் சுற்றில் பெயரில்லாமல் விண்ணப்பங்களைப் படிக்கட்டும்.

பல ஆண்டு நீளும் படிப்புக்கு உதவுவதானால் இந்தக் கணக்கை மறக்க வேண்டாம். படிப்பு நான்கு ஆண்டு, ஆண்டுக்கு ஒரு புதிய மாணவர், ஒருவருக்கு ஆண்டுக்கு 40,000 என்று வைப்போம். முதல் ஆண்டில் ஒருவர், அடுத்த ஆண்டு இருவர், நான்காம் ஆண்டிலிருந்து எப்போதும் நால்வர். 40,000 என்று தொடங்கிய செலவு 1,60,000இல் போய் நிற்கும். இதை எண்ணிப் பார்க்காமல் தொடங்கினால் இரண்டாம் ஆண்டு மாணவரை நடுவழியில் விட நேரும். அதைவிட உதவாமலே இருந்திருக்கலாம் என்றாகிவிடும். கட்டணம் கட்டக் கடைசித் தேதி எது என்று பார்த்து, அதற்கு ஒரு மாதம் முன்னாலேயே பணம் போய்ச் சேரட்டும்.

உதவி பெறுபவரின் மானத்தைக் காப்பது நிதியின் கடமைகளில் முதலாவது. மேடையேற்றிக் காசோலை கொடுத்துப் படம் எடுப்பதை நான் முழுமனதாக எதிர்க்கிறேன். பதினெட்டு வயதில் ஒருவர் வறுமையில் இருந்தார் என்பதற்கான படம் அவருக்கு முப்பது வயதாகும்போதும் இணையத்தில் கிடக்க வேண்டியதில்லை. அமைதியாக வங்கி வழியாக அனுப்புங்கள். கூடவே ஒரு கடிதம் வையுங்கள். நிதிக்குப் பெயர் தந்தவர் யார், எதை நேசித்தார், ஏன் இந்த நிதி என்று ஒரு பக்கத்தில். முன்பின் அறியாத ஒருவர் அந்தக் கடிதம் வழியாக அவரைத் தெரிந்துகொள்வார். நன்றிக் கடிதம் வந்தால் மகிழ்ச்சி, வராவிட்டால் கேட்கக் கூடாது.

ஆண்டுதோறும்

ஆண்டுக்கு இரண்டு கூட்டம், ஒரு பக்க அறிக்கை, ஒரே ஒரு நன்கொடை வேண்டுகோள். இவ்வளவு போதும். கூட்டங்களுக்கு இப்போதே நிரந்தரத் தேதி வைத்துவிடுங்கள். அறிக்கையில் எவ்வளவு வந்தது, எவ்வளவு கொடுத்தோம், நிர்வாகத்துக்கு எவ்வளவு ஆனது, எவ்வளவு மிச்சம், எத்தனை பேருக்கு என்ன வகையில் பயன்பட்டது என்பது இருக்கட்டும். உதவி பெற்றவர்களின் பெயர் வேண்டாம். பத்து ரூபாயோ பத்து டாலரோ கொடுத்தவருக்கும் அந்த அறிக்கை போக வேண்டும். வேண்டுகோளுக்கு நினைவு நாளைவிடப் பிறந்த நாள் பொருத்தமானது என்று எனக்குத் தோன்றுகிறது. இறந்த நாளில் குடும்பத்தினருக்கு வேறு எதையும் எழுதும் மனம் இருக்காது.

முதல் ஆண்டில் சிறிதாகத் தொடங்குங்கள். ஒருவருக்கோ இருவருக்கோ கொடுத்துப் பார்த்தால், விண்ணப்பத்தில் எந்தக் கேள்வி புரியவில்லை, பணம் எங்கே தாமதமாகிறது என்று தெரிந்துவிடும். அடுத்த ஆண்டு திருத்திக்கொள்ளலாம்.

கைமாற்றுவதும் முடிப்பதும்

எல்லா ஆவணங்களையும் ஒரே கோப்பில் வையுங்கள்: பத்திரம், பதிவுச் சான்று, வரி ஒப்புதல், வங்கி விவரம், முதலீட்டு ரசீதுகள், உதவி பெறுபவர்களுக்கு இன்னும் பாக்கியிருக்கும் ஆண்டுகளின் பட்டியல், எந்த மாதத்தில் என்ன தாக்கல் செய்ய வேண்டும் என்ற நாட்குறிப்பு. கடவுச்சொற்கள் ஒருவர் தலைக்குள் மட்டும் இருக்கக் கூடாது. இந்தக் கோப்பை ஓர் அந்நியர் கையில் கொடுத்தால் அவரால் நிதியை நடத்த முடியுமா என்று ஆண்டுக்கு ஒரு முறை பாருங்கள்.

ஐந்தாம் ஆண்டில் ஒரு மறுஆய்வு வையுங்கள். தேவை இன்னும் இருக்கிறதா, தொகை போதுமா, நடத்த ஆள் இருக்கிறார்களா? மூன்றில் ஒன்று இல்லை என்றாலும் மாற்றத்தைப் பற்றிப் பேசும் நேரம் வந்துவிட்டது. நிதியை இன்னொரு நிறுவனத்திடம் ஒப்படைப்பதிலோ முடித்துக்கொள்வதிலோ அவருக்கு எந்த அவமரியாதையும் இல்லை. யாரும் கவனிக்காமல் தாக்கல்கள் நின்று, அபராதம் ஏறி, பணம் முடங்கிக் கிடப்பதுதான் அந்தப் பெயருக்கு ஆகாதது.

முடிப்பது என்று தீர்மானித்தால், முதலில் புதிய விண்ணப்பங்களை நிறுத்துங்கள். ஏற்கெனவே உதவி பெறும் கடைசி மாணவர் படிப்பை முடிக்கும்வரை அவருக்கான தொகையைத் தனியே ஒதுக்கி வையுங்கள். மிச்சத்தைப் பத்திரத்தில் சொன்னபடி அதே நோக்கமுள்ள நிறுவனத்துக்கு மாற்றி, கடைசித் தணிக்கையையும் வரித் தாக்கலையும் முடித்து, பதிவை ரத்து செய்யுங்கள். பிறகு முதல் நாள் நோட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு கடிதம் அனுப்புங்கள்: மொத்தம் எவ்வளவு சேர்ந்தது, எத்தனை பேருக்குப் போனது, மிச்சம் எங்கே இருக்கிறது, இனிமேல் அவர் நினைவாகக் கொடுக்க விரும்பினால் யாரிடம் கொடுக்கலாம்.